டிராக்டர் ஃபில்டர்: கம்பெனிப் பெட்டியா, வெளித் தயாரிப்பா?

ஆயில் மாற்றும்போது கழற்றிய ஃபில்டரை எறிந்துவிடாமல் அறுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. முதலில் ஹாக்ஸா பிளேடால் அறுத்தேன். அது உதிர்க்கும் இரும்புத்தூள் உள்ளே இருக்கும் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு, பேரிங் தேய்ந்துவிட்டதோ என்று வீணாகப் பயமுறுத்தியதால், இப்போது குழாய் வெட்டும் கருவியைப் போலச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அழுத்தி வெட்டும் கருவி ஒன்றை வைத்திருக்கிறேன். அப்படித் திறந்த டப்பாக்களில் டிராக்டர் நிறுவனத்தின் பெயர் போட்டவையும் உண்டு. வேறு நிறுவனங்கள் தம் பெயரில் விற்பவையும் உண்டு. என்னிடம் இருக்கும் டிராக்டர்கள் இரண்டு. ஒன்று, மெக்கானிக்கல் பம்பும் நாஸிலும், புழுதியை ஆயிலில் பிடித்து வைக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனரும் உள்ள பழைய நான்கு சிலிண்டர் வண்டி. மற்றொன்று, டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் இன்ஜினும் அடைத்த கேபினும் உள்ள புதியது. இரண்டிலும் இருவகை ஃபில்டர்களையும் போட்டு ஓட்டிய அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன். ஒரே டிராக்டரில் இருக்கும் நான்கைந்து ஃபில்டர்களுக்கும் காவல் வேலை ஒன்றல்ல என்பதால், ஒன்றில் பார்க்கும் சிக்கனம் நியாயமாக இருக்க, இன்னொன்றில் அதே சிக்கனம் பம்பைக் கழற்ற வைத்துவிடுகிறது.

முதலில் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிராக்டர் செய்யும் நிறுவனங்களில் பெரும்பாலானவை ஃபில்டரைத் தாமே தயாரிப்பதில்லை. அதற்கென்றே இருக்கும் நிறுவனங்களிடம், தங்கள் இன்ஜினுக்கு இன்ன அளவு, இன்ன வடிகட்டும் திறன், இன்ன அழுத்தத்தில் திறக்கும் வால்வு என்று வரையறுத்துக் கொடுத்துச் செய்து வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. மான் ஹம்மல், டொனால்ட்சன், மாலே, ஃபிளீட்கார்ட், பால்ட்வின் போன்றவை ஃபில்டர் தயாரிப்பில் பெயர் பெற்றவை. ஆகவே வெளித் தயாரிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வகைகள் அடங்கியிருக்கின்றன. டிராக்டர் நிறுவனத்துக்கே செய்து கொடுப்பவர் தம் பெயரில் விற்பது ஒன்று. வேறொரு நல்ல நிறுவனம் தானே அளந்து, சோதித்து, தன் அளவீடுகளையும் வெளியிட்டு விற்பது இரண்டாவது. மரையும் ரப்பர் வளையமும் பொருந்தினால் போதும் என்று எவரோ செய்து, எண்ணைக்கூடத் தெளிவாக அச்சிடாமல் விற்பது மூன்றாவது. கடையில் இந்த மூன்றும் ஒரே அலமாரியில், ஒரே சொல்லின் கீழ் இருக்கும். முதல் இரண்டையும் மூன்றாவதோடு சேர்த்துத் திட்டுவதும், மூன்றாவதை முதல் இரண்டின் பெயரால் வாங்கிவிடுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

ஆயில் ஃபில்டரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அறுத்துப் பார்க்க ஏற்றது அதுதான். பழைய வண்டியிலிருந்து ஒரே அளவு மணி நேரம் ஓடிக் கழற்றிய மூன்று டப்பாக்களை ஒருமுறை அருகருகே திறந்து வைத்தேன். கம்பெனிப் பெட்டியில் வந்ததும், பெயர் பெற்ற வெளித் தயாரிப்பும் ஏறத்தாழ உடன்பிறந்தவைபோல இருந்தன. மடிப்புகள் ஒரே இடைவெளியில் நின்றன. இரு முனைகளிலும் தகட்டு மூடிக்குள் பசை முழுச் சுற்றும் இறங்கியிருந்தது. நடுக்குழாய் விரலால் அழுத்தினால் வளையவில்லை. மூன்றாவதைத் திறந்தபோது மடிப்புகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்தன. மடிப்பு வரிசையின் தொடக்கமும் முடிவும் சேரும் தையலில், சுண்டுவிரல் நகம் நுழையும் அளவுக்குப் பசை விட்டிருந்தது. ஆயில் எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். அந்தத் திறப்பு இருக்கும்போது காகிதத்துக்குள் புகுந்து போக அதற்கு அவசியமே இல்லை. அத்தனை மணி நேரமும் அந்த ஃபில்டர் பெயரளவில்தான் அங்கே இருந்திருக்கிறது. இன்ஜின் எந்த அறிகுறியும் காட்டவில்லை என்பதுதான் இதில் கசப்பான செய்தி: மோசமான ஆயில் ஃபில்டர் உடனே தன்னைக் காட்டிக்கொடுக்காது.

மரை பொருந்துவதால் மட்டும் ஒரு ஃபில்டர் அந்த இன்ஜினுக்கு உரியதாகிவிடாது என்பதற்கு இரண்டு வால்வுகள் காரணம். காகிதம் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, ஆயிலே கிடைக்காமல் போவதைவிட வடிகட்டாத ஆயில் கிடைப்பது மேல் என்பதற்காகத் திறப்பது பைபாஸ் வால்வு. இது சில இன்ஜின்களில் ஃபில்டருக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் ஃபில்டர் பொருந்தும் தலைப்பகுதியில் இருக்கும். திறக்கும் அழுத்தமும் ஒரு பாருக்குக் குறைவாகவும் இருக்கலாம், இரண்டு பாரைத் தாண்டியும் இருக்கலாம். தலைப்பகுதியில் வால்வு இல்லாத இன்ஜினுக்கு, உள்ளே வால்வு இல்லாத டப்பாவைப் போட்டால், அடைப்பு வரும் நாளில் பேரிங்குகள் காய்ந்துபோகும். அடுத்தது, இன்ஜின் நின்றபின் டப்பாவில் இருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைக்கும் ரப்பர் மடல். ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ பொருந்தும் இன்ஜின்களில் இதன் அருமை காலையில் தெரியும். மடல் சரியில்லையென்றால் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் விளக்கு அணையச் சில விநாடி தாமதமாகும். மேலே கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளாக ஆக இறுகும். சிலிகான் மென்மையாகவே இருக்கும். நான் திறந்த மூன்றாவது டப்பாவின் மடல், வளைத்தவுடன் அப்பளம்போல ஒடிந்தது.

ஆயில் ஃபில்டருக்கு என் தீர்ப்பு இதுதான்: தன் எண்ணையும், எந்தக் கம்பெனி எண்ணுக்கு மாற்று என்பதையும், பைபாஸ் அழுத்தத்தையும் வெளிப்படையாகத் தரும் நிறுவனத்தின் தயாரிப்பு என்றால், கம்பெனிப் பெட்டிக்கென்று கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. பழைய வண்டிக்கு நான் தொடர்ந்து போடுவது வெளித் தயாரிப்புதான். இடையில் ஒரு சொல்: எந்தப் பெட்டியில் வந்தாலும், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று தடவிப் பார்க்காமல் புதியதை ஏற்றாதீர்கள். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தால், உலகத்தின் மிகச் சிறந்த ஃபில்டரும் ஆயிலை முழுவதும் தரையில் கொட்டிவிடும்.

பெட்டியின் மேல் ‘10 மைக்ரான்’ (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து மைக்ரான் துகள்களில் எத்தனை பங்கைப் பிடிக்கிறது என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பாதியைப் பிடித்துப் பாதியை விடுகிற ஃபில்டரும் அதே எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். இதற்காகவே பீட்டா விகிதம் என்ற கணக்கு இருக்கிறது: ஃபில்டருக்கு முன்னால் இருந்த துகள்களின் எண்ணிக்கையைப் பின்னால் வந்தவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. பீட்டா 2 என்றால் 50 சதவீதம் பிடிபடுகிறது; பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம், பீட்டா 200 என்றால் 99.5 சதவீதம். இன்ஜின் ஆயில் ஃபில்டருக்கு ஐஎஸ்ஓ 4548, டீசலுக்கு ஐஎஸ்ஓ 19438, ஹைட்ராலிக்குக்கு ஐஎஸ்ஓ 16889, ஏர் ஃபில்டருக்கு ஐஎஸ்ஓ 5011 என்று சோதனை முறைகளும் உண்டு. இவற்றில் எதன்படி சோதித்தோம், என்ன வந்தது என்று தன் விவரத்தாளில் சொல்கிற வெளித் தயாரிப்பாளரை, ‘சூப்பர் குவாலிட்டி’ என்று மட்டும் எழுதியிருப்பவரோடு சேர்த்து எண்ணக்கூடாது. டிராக்டர் நிறுவனங்களே பல சமயம் இந்த எண்களைப் பொதுவில் வைப்பதில்லை என்பது என் குறைகளில் ஒன்று. பெயரை நம்பு என்பதுதான் அவர்கள் தரும் விவரத்தாள்.

எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்க வேண்டியது ஏர் ஃபில்டர். பலர் அதைத்தான் கடைசியாகக் கவனிக்கிறார்கள். ஒரு லிட்டர் டீசலை எரிக்க இன்ஜினுக்குக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். டீசல் இன்ஜின் தேவைக்கு மேலேயே இழுப்பதால் உண்மையில் போவது அதைவிட அதிகம். அந்தக் காற்றும் சாலையில் போகும் காரின் காற்றல்ல. ரோட்டவேட்டரின் பின்னால் எழுந்து வண்டியையே மூடும் புழுதி. மண்ணில் இருக்கும் சிலிக்கா இரும்பை அரைக்கும் பொருள். ஆயிலோடு கலந்தால் சிலிண்டரின் உட்சுவரான லைனருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் நடுவில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போலத்தான். டிராக்டர் விற்பவராக இருந்த ஃபிராங்க் டொனால்ட்சன், ஒரு விவசாயியின் டிராக்டர் புழுதியால் திரும்பத் திரும்பப் பழுதானதைப் பார்த்துவிட்டு 1915இல் ஒரு ஏர் கிளீனரைச் செய்ததில்தான் இன்றைய டொனால்ட்சன் நிறுவனமே தொடங்கியது. அந்தப் புழுதி இன்னும் மாறவில்லை.

ஏர் ஃபில்டரில் சதவீதக் கணக்கு ஏமாற்றும். 99.9 சதவீதம், 99 சதவீதம் என்று இரண்டு பெட்டிகள் இருந்தால், ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லையே என்று தோன்றும். ஒரு கிலோ புழுதி வந்து மோதினால் முதல் ஃபில்டர் உள்ளே விடுவது ஒரு கிராம், இரண்டாவது விடுவது பத்துக் கிராம். பிடிபட்டதைப் பார்க்காமல் தப்பியதைப் பார்த்தால் வித்தியாசம் பத்து மடங்கு. ஆனாலும் நான் பட்ட பாடு காகிதத்தால் வந்ததல்ல, விளிம்பு ரப்பரால் வந்தது. புதிய டிராக்டரில் ஏர் ஃபில்டர் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு: வெளியே பெரியது, உள்ளே சிறியது. அந்த வெளி ஃபில்டருக்கு ஒருமுறை பெயர் தெரியாத தயாரிப்பு ஒன்றை வாங்கிப் போட்டேன். காகிதம் பார்க்க நன்றாகவே இருந்தது. இருட்டறையில் உள்ளே டார்ச் வைத்துச் சுற்றிப் பார்த்தேன், ஊசித் துளை ஒன்றும் இல்லை. விளிம்பு ரப்பர் மட்டும் பழையதைவிட இறுக்கமாக, அழுத்தினால் மீளாததுபோல இருந்தது. புதுசுதானே, போகப் போக உட்கார்ந்துகொள்ளும் என்று விட்டுவிட்டேன். புழுதி உழவு முடிந்து மூடியைத் திறந்தபோது, உள்ளே இருக்கும் சிறிய பாதுகாப்பு ஃபில்டரின் ஒரு பக்கத்தில் மட்டும், விளிம்பிலிருந்து கீழாகச் சுண்டுவிரல் அகலத்துக்குச் செம்பழுப்புக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. மற்ற மூன்று பக்கமும் வெள்ளை வெளேரென்று இருந்தன. வெளி ஃபில்டரின் ரப்பர் அந்த ஒரு இடத்தில் உட்காரவேயில்லை. காற்று அதன் வழியாகப் போயிருக்கிறது. இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன்; துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. பிழைத்தது அந்த உள் ஃபில்டரால். அது கம்பெனிப் பெட்டியில் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து என் வழக்கம்: உள் ஃபில்டர் கம்பெனியுடையது மட்டும், வெளி ஃபில்டர் கம்பெனியுடையதாகவோ, அதைச் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் சொந்தப் பெயரில் உள்ளதாகவோ இருக்க வேண்டும். உள் ஃபில்டரைத் தட்டுவதோ ஊதுவதோ கூடாது. வெளி ஃபில்டரை மூன்று முறை மாற்றும்போது இதையும் ஒரு முறை மாற்றிவிட வேண்டும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. விலை மலிந்த வெளி ஃபில்டரை வாங்கி அடிக்கடி மாற்றிக்கொள்கிறேன் என்று சிலர் சொல்லும் வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புதிய காகிதம்தான் மிகக் குறைவாகப் பிடிக்கும், மேலே மெல்லிய புழுதிப் படிவு ஏறிய பிறகே அதன் திறன் கூடும். ஆகவே அடிக்கடி மாற்றுவதும், மூடியை அடிக்கடித் திறப்பதும் நன்மையைவிடத் தீமையே செய்யலாம். காற்று போகும் வழி அடைபடுவதைக் காட்டும் குறிகாட்டி சிவப்புக்கு வரட்டும், பிறகு திறக்கலாம். வெளி ஃபில்டரை ஊதித்தான் ஆக வேண்டுமென்றால் உள்ளிருந்து வெளியாக, இரண்டு பாருக்கு மிகாத அழுத்தத்தில் ஊத வேண்டும். பழைய வண்டியின் ஆயில் பாத் ஏர் கிளீனரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, வாங்க வேண்டியது ஆயில் மட்டுமே. ஆனால் நல்ல காகித ஃபில்டர் அளவுக்கு அது பிடிக்காது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

டீசல் ஃபில்டரில் இரண்டு வண்டிகளுக்கும் இரண்டு நியாயம். பழைய வண்டியின் நாஸில் திறப்பது ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில். காமன் ரெயிலில் டீசலின் அழுத்தம் 1600 பாரையும் தாண்டும். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத துகளும் அங்கே பாறாங்கல்தான் என்பது புரியும். துகளோடு தண்ணீரையும் தடுக்க வேண்டும். ஆகவே புதிய டிராக்டருக்கு டீசல் ஃபில்டரில் நான் பேரம் பேசுவதில்லை, கம்பெனிப் பெட்டியேதான். ஒரு செட் இன்ஜெக்டரின் விலைக்கு எத்தனை ஆண்டு ஃபில்டர் வாங்கலாம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த விவாதமே முடிந்துவிடும்.

பழைய வண்டியில் வெளித் தயாரிப்புக்கு இடம் உண்டு, ஆனால் பெட்டிக்குள் வரும் சில்லறைப் பொருள்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வண்டியில் தண்ணீர் பிரிக்கும் முதல் ஃபில்டர், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. ஒருமுறை வெளித் தயாரிப்பு ஒன்றை மாற்றிய மறுநாள் முதல் வண்டி ஏற்றத்தில் திணறி நிற்கத் தொடங்கியது. தரையில் சொட்டு டீசல் இல்லை, எங்கும் ஈரம் இல்லை. மெக்கானிக் பம்பு வரைக்கும் சந்தேகப்பட்டுவிட்டார். ஃபில்டருக்கு அப்பால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் டியூப் மாட்டி ஓட்டிப் பார்த்தபோதுதான், சோடா பாட்டிலில் ஏறுவதுபோலக் குமிழிகள் வரிசையாக ஓடுவது தெரிந்தது. உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே கசியவில்லை, காற்றுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. காரணம், பெட்டியோடு வந்த ரப்பர் வளையம் பழையதைவிட மயிரிழை மெலிந்தது. பழைய வளையத்தையே துடைத்துத் திரும்பப் போட்டவுடன் குமிழி நின்றது. ஃபில்டர் காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை; வளையத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இன்னொன்று: எந்த டீசல் ஃபில்டரானாலும், புதியதற்குள் நடுத் துளை வழியாக கேனிலிருந்து டீசலை ஊற்றி ஏற்றுவது ஆகாது. அது வடிகட்டப்பட்ட பக்கம். ஊற்றும் டீசலில் இருப்பதெல்லாம் நேராக இன்ஜெக்டருக்கே போகும். கைப் பம்பால் அடித்துக் காற்றை எடுப்பதே முறை.

ஹைட்ராலிக் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல டிராக்டர்களில் கியர், டிஃபரன்ஷியல், ஆயிலில் மூழ்கிய பிரேக், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான்; பிரேக் லைனிங் தேய்ந்த தூளும் கியர் தேய்ந்த இரும்பும் அந்த ஃபில்டருக்கே வந்து சேருகின்றன. ஃபில்டர் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால், நுணுக்கமாக வடிகட்டுவது என்ற பெருமையே அங்கே ஆபத்து: குளிர்ந்த கெட்டி ஆயில் அந்தக் காகிதத்தை ஊடுருவ முடியாமல் பம்பு வெறுமையை இழுத்து, காலை நேரத்தில் ஊளையிடும். வடிகட்டுவது தளர்வாக இருந்தாலோ வால்வுகள் தேயும். இந்த நடுநிலையை அந்த வண்டியை வடிவமைத்தவர்கள்தான் அளந்திருக்கிறார்கள். ஆகவே இதிலும் கம்பெனி ஃபில்டர்தான் என் தேர்வு. மாற்றும் இடைவெளி நீளம் என்பதால் கையைக் கடிப்பதும் குறைவு.

கேபின் ஃபில்டரில் வெறும் புழுதிதான் பிரச்சினை என்றால் நல்ல வெளித் தயாரிப்பு தாராளமாகப் போதும். நான் ஆண்டு முழுவதும் போட்டிருப்பது அதுதான். மருந்து தெளிப்புக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஐரோப்பிய ஈஎன் 15695 தரத்தில் கேபின்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் வகை புழுதியை மட்டும் தடுக்கும். மூன்றாம் வகை தெளிப்புத் துளிகளையும் சேர்த்துத் தடுக்கும். ஆவியையும் தடுப்பது நான்காம் வகை மட்டுமே. கறுப்பு நிறத்தில் பஞ்சு வைத்துத் தைத்துவிட்டு ‘கார்பன்’ என்று எழுதி விற்கிற ஃபில்டரை நம்பி, முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு மருந்து அடிப்பவர் பணயம் வைப்பது இன்ஜினை அல்ல. எந்த வகை என்று அச்சிடாத கேபின் ஃபில்டரை அந்த வேலைக்கு வாங்கவே கூடாது.

வாரன்டி காலத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு, கையேட்டை ஒருமுறை ஆற அமரப் படிப்பதே என் பதில். வெளித் தயாரிப்பு ஃபில்டர் போட்டதாலேயே எல்லாம் போயிற்று என்று சர்வீஸ் கவுன்டரில் சொல்வதும், கையேட்டில் எழுதியிருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இன்ஜெக்டர் பழுதானால் வாதாடிக்கொண்டு நிற்கும் நேரமும் ஒரு செலவுதான் என்பதால், வாரன்டி முடியும்வரை கம்பெனிப் பெட்டியையே வாங்கி, பில்லையும் ஹவர் மீட்டர் கணக்கையும் ஒன்றாக வைத்திருந்தேன்.

இத்தனைக்கும் பிறகு, நான் வாங்கியதிலேயே மோசமான ஃபில்டர் கம்பெனிப் பெட்டியில்தான் வந்தது. ஆயில் ஃபில்டர், பெட்டி, நிறம், எண், ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாம் சரியாகவே இருந்தன. கையில் எடுத்தபோது ஏதோ லேசாகத் தோன்றியது. வீட்டிலிருந்த கம்பெனி ஃபில்டர் ஒன்றைத் தராசின் ஒரு பக்கம் வைத்துப் பார்த்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடை குறைந்தது. மரையின் உள்விளிம்பில் இரும்புப் பிசிறு விரலில் குத்தியது. டீசல் நனைத்த துணியால் தேய்த்ததும் டப்பாவில் அச்சிட்ட எண் மசியாகக் கரைந்து துணிக்கு வந்துவிட்டது. வெட்டிப் பார்க்காமலே கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் துணியையும் பார்த்தார், டப்பாவையும் பார்த்தார். ஒரு வார்த்தையும் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்த ஃபில்டரை மறுபடி பெட்டிக்குள் போட்டு மூடி, எடுத்த அலமாரியிலேயே திரும்ப வைத்தார்.